வியாழன், எட்டு மணி

கடலைப் பார்த்த ஜன்னல் எங்கள் வீட்டில் ஒன்றுதான்.
அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்த வெளிக்கதவு இரண்டு.
நவம்பரில் இடதுகதவின் கீழ்க்கீல் கழன்று
மேல்கீலை மட்டும் நம்பித் தொங்கியது
நாலாவது மாடியில்,
ஊர் முழுக்க நடக்கும் நடைபாதைக்கு நேர்மேலே.

ட்ரியெஸ்தேயில் அடிக்கும் காற்றுக்குப் போரா என்று பெயர்.
கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும்.
வந்தால் பதில்தான்.

மருந்துக்கடை ஃபுல்வியா எழுதித் தந்த எண்ணில்
முதலில் டூலியோ வந்தான்.
பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்,
கீல் வாங்க எண்பது யூரோ கேட்டான்.
வாங்கப் போனவன் போனவன்தான்.
ஒருநாள் மீன் சந்தையில் கணவாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும் கணவாய் மாதிரியே நழுவினான்,
மை கக்காததுதான் குறை.

அடுத்தவன் கம்பெனி ஆள், நாலே முக்கால் நட்சத்திரம்.
ஷூவுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு
உள்ளே வந்தவன் கதவைத் தொடவே இல்லை.
ஜன்னலையே பெயர்த்துவிட்டு அலுமினியம் வைக்கலாம் என்றான்.
தொகை, என் மூன்று மாதச் சம்பளம்.
ஒரு கீல்தானே, என்றேன்.
"இன்றைக்குக் கீல், நாளைக்குச் சுவர்" என்றான்,
குரலைத் தாழ்த்தி.
எலும்பு முறிவு வார்டில் இரவு வேலை பார்ப்பவள் நான்.
அந்தத் தாழ்ந்த குரல் எனக்குத் தெரியும்.

மூன்றாவது எண்
சலவைக்கடை உள்சுவரில் இருந்தது,
அடியில் வால் வாலாக வெட்டிவிட்ட காகிதத்தில்.
பத்து வால். ஒன்றுகூடக் கிழியவில்லை.
யாருமே கூப்பிடாத ஆளை நாம் ஏன் கூப்பிட வேண்டும்
என்று நினைத்துக்கொண்டேதான் கிழித்தேன்.

"வியாழன், எட்டு மணி."
எட்டு என்றால் எட்டரையா?
"எட்டு."
எவ்வளவு ஆகும்?
"பார்க்காமல் எப்படிச் சொல்வது?"
அவ்வளவுதான் பேச்சு. பெயர் ஸ்டோயான்.

புதன் இரவு காற்று எழுந்தது.
விடிவதற்குள் வார்டுக்குப் பதினொரு மணிக்கட்டு,
ஒரு இடுப்பு,
தன் ஸ்கூட்டரே தன்மேல் விழுந்த ஒரு தபால்காரர்.
சுவரோரக் கம்பியைப் பிடித்துப் பிடித்து
ஆறரைக்கு வீடு சேர்ந்தேன்.
போனை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
வெளியே கதவு, டம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
டம்.

அழைப்பு மணி அடித்தபோது எட்டு.

வாசலில் ஒரு ஆள். காது இரண்டும் சிவந்திருந்தன.
தொப்பி போட்ட தடம் நெற்றியில் இருந்தது, தொப்பி இல்லை.
கையில் கருவிப்பெட்டியும் இல்லை.
"இன்றைக்கு முடியாது" என்றார்.
"இந்தக் காற்றில் கழற்றினால் கதவு கடலுக்குப் போகும்,
பின்னாலேயே நானும்."

இதைச் சொல்லவா வந்தீர்கள்?

"போன் எடுக்கவில்லை நீங்கள்.
எட்டு மணி என்று சொல்லியிருந்தேனே."

பஸ் ஓடுகிறதா?
ஓடவில்லையாம். ரொயானோவிலிருந்து நடந்து வந்தாராம்.

காப்பி போடட்டுமா என்றேன்.
வேண்டாம், ஒன்பதுக்கு இன்னொரு வீடு இருக்கிறது,
அங்கேயும் போய் முடியாது என்று சொல்ல வேண்டும்.
செருப்பில்லாமல் நின்ற என் காலைப் பார்க்காமல்
என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார்.
"மேல்கீல் நல்ல கீல். சனிக்கிழமை வரை தாங்கும்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.
நாற்காலியில் சாய்வதுபோல் காற்றில் சாய்ந்து
தெருமுனைவரை போனார், திரும்பினார், காணவில்லை.

பிறகு படுத்தேன்.
டம்.
சனிக்கிழமை வரை தாங்குமாம்.
அடுத்த டம் எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் சலவைக்கடைக்குப் போய்
மீதி ஒன்பது வாலில் மூன்றைக் கிழித்தேன்.
ஒன்று ஃபுல்வியாவுக்கு.
மற்ற இரண்டும் சும்மா.
அத்தனை வாலும் அப்படியே தொங்கினால்
யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.