பதினோரு சனிக்கிழமை

எங்கள் சரிவில் அரிசி வாங்கப் போவது
இந்த வருஷம் என் முறை.
நெற்றியில் பட்டை, முதுகில் மூங்கில் கூடை,
மழைக்கு பிளாஸ்டிக் சுற்றிய ஒரு நோட்டு.
மிசோ மலைகளில் எந்த அடுப்படியிலும்
காலையும் மாலையும் அரிசி களையுமுன்
ஒரு பிடி ஆண்டவருக்கென்று
ஓரத்துத் தகரத்துக்குப் போகும்.
பிறகு அது யாரோ ஒரு ஊழியரின் சம்பளம்,
எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை.
எப்படி ஆகிறதென்று நான் கேட்டதில்லை.
எழுதிவைப்பது மட்டும் என் வேலை.

எண்பத்திமூன்று வீடுகள்.
வழுக்கும் படிகள், கொட்டிலில் முனகும் பன்றிகள்.
கப்சுவாலி வீட்டில் எப்போதும் குவித்துத் தருவார்கள்.
வாத்தியார் வீட்டில் நொய்,
கூடவே ஒரு மன்னிப்பு.
எந்த வீட்டில் என்ன முடை என்று
போதகருக்கு முன்பே என் கூடைக்குத் தெரியும்.

ரெம்சங்கி வீட்டை மட்டும்
தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஜூன் மழையில் செர்சிப் பாதை சரிந்து
தங்லியானாவின் சுமோ கீழே போனது.
மற்றவர்களை அன்றே எடுத்தார்கள்.
அவனை நான்காம் நாள்.
அடக்கத்தில் முரசடித்து நாங்கள் எல்லோரும் பாடினோம்,
அவள் வாய் திறக்கவில்லை.
அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும்.
"அவரோடு எனக்குப் பேச்சில்லை" என்றாளாம்,
கடையில், எல்லார் காதிலும் விழ.
பேச்சை முறித்துக்கொண்டவளிடம் போய்
அவருக்கென்று எப்படிக் கேட்பது?
அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு
அவள் வாசலில் நடையை எட்டிப் போட்டேன்.

நேற்று அவளே படியிறங்கி வந்தாள்,
இரண்டு கையாலும் ஒரு தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு.
"பதினோரு சனிக்கிழமை நீ வரவில்லை.
தகரம் வழிந்துவிட்டது. இது அவன் தலையணையின் உறை,
திருப்பிக் கொடுத்துவிடு."
எனக்கு நாக்கு புரளவில்லை.
"நீதான் பேச்சில்லை என்று..."
"இல்லைதான். இன்னும் இல்லை.
அதற்காக உலை வைக்காமலா இருக்கிறேன்?"
சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள்.
அவள் வீட்டுக் குக்கர் கூவிக்கொண்டிருந்தது.

சபைக் கிடங்கில் தராசில் வைத்தேன்.
ஆறு கிலோ எழுநூறு.
முதல் சனிக்கிழமை என்பது
அவனைத் தேடிக்கொண்டிருந்த வாரம்.
கயிறும் மண்வெட்டியுமாகப் போன பையன்களுக்கு
அவள்தான் பானை பானையாக வடித்தாள்.
அந்தப் பானைகளிலிருந்துமா எடுத்தாள்?
எடுத்த நேரத்தில் என்ன நினைத்தாள்?
ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.
கை போயிருக்கும்.

என் கையையும் சொல்லிவிடுகிறேன்.
மாதக் கடைசியில் அது சிறுக்கும்.
விரல்களை இறுக்கி மூடினால்
பிடி பெரிதாகத் தெரியும், உள்ளே குறைவாக நிற்கும்.
இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.
ஒரு ஞாயிறும் தவறியதில்லை நான்.
முன்வரிசையில் பாடுகிறேன்.
எல்லாவற்றையும் பார்க்கிறவர் ஒருவர் உண்டென்று
ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்,
அதே கையை மேலே காட்டி.

நோட்டில் பதினோரு வரி எழுதினேன்,
பதினொன்றிலும் அவள் பெயர்.
மேலே கீழே என் பெயரும் இருந்தது.
அளவுக் கட்டத்தில்
எல்லாரையும் போல 'ஒரு பை'.

இன்றும் அவள் ஆலயத்துக்கு வரவில்லை.
நாலாம் பெஞ்சின் ஓரம் அப்படியே கிடந்தது,
யாரும் நகர்ந்து உட்காரவில்லை.
போதகர் உண்மையைப் பற்றி நீளமாகப் பேசினார்.
நல்ல பிரசங்கம் என்றார்கள்.
நான் பாதியில் அந்த உறைக்குள் போய்விட்டேன்.

உதறியபோது தையலோரத்திலிருந்து
நாலைந்து மணிகள் விழுந்தன.
தலையெண்ணெய் வாசம் போகவில்லை.
துவைத்துக் கொடுப்பதுதான் மரியாதை,
ஆனால் இதைத் துவைக்க நான் யார்?
மடித்து கூடையின் அடியில் வைத்திருக்கிறேன்.
அடுத்த சனிக்கிழமை அந்தக் கதவைத் தட்ட
எனக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும்.