கடைசியிலிருந்து

நாலாவதில் தொடங்கு என்றான் கமாருல்,
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என்னோடு இரவு ஷிப்ட்.
முதலாவதை விட்டால் பாவம் என்றார்
லோரோங் கூலிட்டில் இசைத்தட்டு விற்கும் பெங் ஹுவாட்.
டிரம்ஸ்காரனுக்காகவே கேள் என்று
முழங்காலில் தட்டியும் காட்டினார்.

நான் எடுத்தது பன்னிரண்டாவது.
யாருக்கும் பிடிக்காதது. எட்டு வெள்ளி.
அட்டையில் நால்வரும் நாலு பக்கம் பார்க்கிறார்கள்;
இருவர் அப்போதே பேச்சை நிறுத்தியிருந்தார்களாம்.

ஜெலுத்தோங் ஃபிளாட், ஒன்பதாம் மாடி.
பாதிச் சாமான் போய்விட்ட ஹாலில்
பாட்டு நன்றாகவே எதிரொலிக்கிறது.
ஒருவன் பாடி முடிக்குமுன்
இன்னொருவனின் கித்தார் குறுக்கே விழுகிறது.
எனக்குத் தெரிந்த சண்டைதான்.

சம்பளம் வந்ததும் மாதம் ஒன்றாக
பின்னோக்கி வாங்குகிறேன்.
ஒன்பதாவதில் யாரோ சிரித்தது
அழிக்கப்படாமல் மாட்டியிருக்கிறது.
ஏழாவதில் தாடிகள் இல்லை.
நாலாவது வந்த வாரம்
கமாருலிடம் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு முறை அழுதேன் என்பதை.

முதலாவதை பெங் ஹுவாட் எடுத்துவைத்திருக்கிறார்.
நாற்பது வெள்ளி, பேரமில்லை.
அதற்கும் முந்தி ஏதாவது உண்டா என்றேன்.
தட்டைத் துணியால் துடைத்தபடி சொன்னார்:
அதற்கு முந்தி
ஒருத்தனை ஒருத்தன் பார்த்ததே இல்லை, லா.