திரைக்கு இடப்பக்கம்

விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைச் சங்கு கேட்கிற தூரத்தில்
கூடாரம் போட்டிருந்தார்கள்.
எனக்கு ஒரு முக்காலி, ஒரு தகரக் குழல்,
திரைக்கு இடப்பக்கம் இடம்.
ராத்திரிக்கு ஆறணா.

பகலில் அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில்
நகல் எழுதுகிறவன் நான்.
இங்கிலீஷ் எனக்குக் காகிதத்தில் கிடக்கும் பாஷை.
இங்கே அது பேசியது.
மூக்கால் பேசியது, அவசரமாய், வாயில் சுருட்டோடு.
பாதிதான் பிடிபடும்.
மீதிக்கு முகங்களைப் பார்த்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் எடுத்த படம்.
எந்தெந்த ஊரிலோ ஓடித் தேய்ந்து,
கொழும்பு வழியாய்த் தூத்துக்குடியில் இறங்கி
மாட்டு வண்டியில் வந்து சேரும்.
சுருளெல்லாம் கீறல்.
வெளியே குற்றாலத்துச் சாரல்,
உள்ளே வெள்ளைத் துணியிலும் சாரல்.

அதில் ஒரு பல் வைத்தியர் பெண்டாட்டி.
பல் கழுவும் தம்ளரில் சாராயம் குடிப்பாள்.
உள்பாவாடையோடு உட்கார்ந்து
டெலிபோனில் சிரிப்பாள், நமக்குத் தெரியாத யாரோடோ.
நாலு நாள் காணாமல் போய்
ஐந்தாம் நாள் வீட்டுக்கு வருவாள்,
பெட்டியையும் மஞ்சள் குருவிக் கூண்டையும் எடுத்துப்போக.
புருஷன் வாசலில், கையில் தொப்பி.

அவள் சொன்னது எனக்கு முழுதாய்ப் புரிந்தது.
"போகிறேன். அவனுக்காகவும் இல்லை.
நாளை எங்கே தூங்குவேன், தெரியாது.
அதுவும் நன்றாய்த்தான் இருக்கிறது."

கொட்டகை முதலாளி கோமதிநாயகம் பிள்ளை
முன்னமே காதில் போட்டிருந்தார்:
"சப்-இன்ஸ்பெக்டர் முன்வரிசையில இருக்காரு வே.
பொம்பளையக் கொஞ்சம் அழவையும்."

குழலைத் தூக்கினேன்.
"அத்தான்! அறியாமல் செய்த பிழை.
உங்கள் காலடியே எனக்குக் கதி."
திரையில் அவள்
முழங்காலால் அமுக்கிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டிக்கு அந்தப்புறம் பெண்கள் தரையிலிருந்து
ஒரு குரல்:
"அவ அப்படிச் சொல்லல வே."

பொம்பளை வாயில் 'வே'!
பீடிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.
நூற்புக் கட்டு ஒலகம்மா.
தலைமுடியில் பஞ்சு, சனிக்கிழமைக் கூலி முந்தியில்.
"இங்கிலீசு எனக்குத் தெரியாது.
மன்னிப்புக் கேக்கிறவ
பெட்டியை அப்படிப் பூட்ட மாட்டா.
பெட்டியைப் பத்தி எனக்குத் தெரியும்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.
எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.
"இப்போது மழை பெய்கிறது" என்றேன்.
படத்தில் நல்ல வெயில்.

இரண்டு வருஷம் போனது.
அங்கேயே யாரோ சட்டம் போட்டுவிட்டார்களாம்,
பிள்ளைவாள் பேப்பரில் பார்த்துச் சொன்னார்.
புதிதாய் வந்த படங்களில்
புருஷனுக்கு ஒரு கட்டில், பெண்டாட்டிக்கு ஒரு கட்டில்,
நடுவில் விளக்கு.
ஓடிப்போனவள் ரயிலில் அடிபட்டாள்
அல்லது திரும்பி வந்து முழங்காலிட்டாள்.
நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.
எனக்கு முன்னால் அவர்களே சொல்லியிருந்தார்கள்.
உள்ளதை உள்ளபடி பெயர்த்து
ஆறணா வாங்கிக்கொண்டு
கன்னடியன் கால்வாய்க் கரையோடு வீட்டுக்கு நடப்பேன்.
வாய்க்குள் ஏதோ நமுத்துப்போன ருசி.

ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லை,
முன்வரிசையில் தொப்பி எதுவும் இல்லை.
திரையில் ஒருத்தி லேஸ் கைக்குட்டையால் கண் துடைத்து
வாசலில் மண்டியிடுகிறாள்.
ஏன் அப்படிச் செய்தேன், இன்றும் தெரியாது.
குழல் வாயருகே வந்தது.

"போறேன். அவனுக்காகவும் இல்ல.
நாளைக்கு எங்க தூங்குவேன், தெரியாது."

அவள் அழுதுகொண்டே இருந்தாள்.
பின்னால் இஞ்சின் படபடத்தது.
பிள்ளை அன்றைக்கு மூன்றணா பிடித்துக்கொண்டார், அது பிறகு.

தட்டிக்கு அந்தப்புறம் முதலில் சத்தமே இல்லை.
அப்புறம்,
"இப்பமும் பொய்தான் வே சொல்லுதீரு."

கொஞ்சம் கழித்து:

"சொல்லும்."