நூற்று அறுபதில் ஒரு பங்கு

கிழக்குப் பார்த்த ஊரில்
காலைப் பத்து மணிக்கு விமானக் காட்சி வைத்தவர்
படம் எடுப்பவராக இருக்க முடியாது.
சூரியன் நேராக லென்ஸுக்குள் இறங்குகிறது.
விழுவதெல்லாம் கரி.

கடற்கரைச் சாலையில் கால்வைக்க இடமில்லை.
வடக்கே நடந்து நடந்து
வைத்திக்குப்பத்து மணலில்
கரையேற்றிப் போட்ட படகுகளுக்கு நடுவே
முக்காலியை ஊன்றினேன்.
லென்ஸ் வாடகை நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
முகூர்த்த நாளெல்லாம் முடியட்டும் அக்கா என்று
மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் கொடுத்தான்.

முத்தியால்பேட்டையில் பதினொரு வருஷமாக
ஆறடிக்கு எட்டடி அறைக்குள்
பாஸ்போர்ட் அளவு முகங்களோடு பேசுகிறேன்:
அசையாதீங்க.
தாடையை இறக்குங்க, இன்னும் கொஞ்சம்.
காது ரெண்டும் தெரியணும்.
பிரான்சுக்கா? அப்போ சிரிக்கவே கூடாது.

இன்று எதிரே வந்தது
யார் சொன்னாலும் கேட்காத ஒரு டகோட்டா.
எண்பது வயது என்கிறது ஒலிபெருக்கி,
ஆங்கிலத்தில், பிறகு இந்தியில்.
தமிழில் சொல்வது
காணாமல்போன குழந்தைகளை மட்டும்.
எந்தப் போருக்கு எத்தனை பேரை ஏற்றிப்போனது
என்று கணக்கு வந்தது.
திரும்ப ஏற்றிவந்த கணக்கைக்
காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும்,
அல்லது அவர்கள் சொல்லவில்லை.

முதல் சுற்றுக்கு
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்திருந்தேன்.
வயிற்றுத் தகட்டின் ஆணிகூடத் தப்பவில்லை.
ஆனால் விசிறி நின்றுபோனது.
விசிறி இரண்டும் விறைத்து
சுவரில் அடித்து மாட்டிய பொம்மைபோல
விமானம் தொங்கியது.
நான் வாய்க்குள் சொன்னது
கேட்டுவிட்டது போல, பாவம்.

இரண்டாம் சுற்றுக்கு நூற்று அறுபதில் ஒரு பங்கு.
விசிறி சுழன்றது.
கூடவே என் கை, என் மூச்சு,
முன்னால் நின்றவர் தோள்மேல்
ஒரு பிள்ளையின் பலூன்.

"எடது பக்க எஞ்சினு," என்றார்
பக்கத்துப் படகில் சாய்ந்திருந்தவர்.
"ஒரு பிளக் சரியா அடிக்கல."

தெய்வசிகாமணி.
குப்பத்துப் படகுகளுக்கெல்லாம் எஞ்சின் பார்ப்பவர்.
மூன்று நாளாகக் கடலுக்குப் போகக்கூடாதென்று உத்தரவு.
நகக்கண்ணில் போன வாரத்துக் கிரீஸ்.
வானத்தை அவர் பார்க்கவே இல்லை.
ஒரு காதை விரலால் அடைத்து
மறு காதை மேலே நீட்டியிருந்தார்.
கேமராவை இறக்கும்போது
விரல் தானாக ஒருமுறை அழுத்திவிட்டது.

மூன்றாம் சுற்று வரவில்லை.
தவிர்க்க முடியாத காரணம் என்று
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்கள்.
பிறகு தமிழில்,
மஞ்சள் சட்டை, நான்கு வயது,
பெயர் சொல்லத் தெரியவில்லை.
கூட்டம் சுண்டல் பக்கம் திரும்பியது.

அவர் படகின் அணியத்தில் ஏறி நின்றார்.
லாஸ்பேட்டைத் திசைக்குக் காதைத் திருப்பினார்.
"என்ன ஆச்சுங்க?" என்று முக்காலியை மடக்கப்போனேன்.
"அசையாதீங்க," என்றார்.

பதினொரு வருஷத்தில்
என்னிடம் ஒருவர் அதைச் சொல்வது முதல்முறை.
நின்றேன்.
அலை. அலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
ரொம்ப நேரம் கழித்து
விரலைக் காதிலிருந்து எடுத்தார்.
"எறங்கிட்டான்."

வீட்டில் எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு படம்.
கரியானவை, கலங்கியவை,
விசிறி செத்துப்போனவை.
ஒன்றே ஒன்றில் எல்லாம் சரி:
காதில் விரல், பாதி திறந்த வாய்,
காற்றில் சட்டை மட்டும் கலைந்திருக்க
முகம் அப்படியே.
அதை அவருக்கு அனுப்பினேன்.

"இத வச்சி நான் என்ன செய்ய?
விமானத்த அனுப்புங்க."

தேடிப்பிடித்து ஒன்று அனுப்பினேன்.
மூக்கு சட்டகத்துக்கு வெளியே போய்
வாலும் பாதி இறக்கையுமாக,
விற்கவும் முடியாது, மாட்டவும் முடியாது.

பத்தே நிமிஷத்தில் அது திரும்பி வந்தது,
இடது எஞ்சினைச் சுற்றி
விரலால் போட்ட சிவப்பு வட்டத்தோடு.
உள்ளே, நான் பார்க்காமல் விட்ட
நூலளவு புகை.