காது தூர்ந்து போகாமல்

பகலில் மஞ்சக்குப்பத்தில் பல் செய்கிறேன்.
மேல்வரிசை, கீழ்வரிசை,
ஒற்றைப் பல்லுக்குக் கம்பி.
யாருடைய சிரிப்பென்று தெரியாது,
டப்பாவின் மேல் ஒரு நம்பர் இருக்கும்.

இரவில் தேவனாம்பட்டினத்து வீட்டில்
அதே மெழுகுக் கத்தியால்
பாலிமர் களிமண் வெட்டுகிறேன்.
பெயரில்தான் மண்.
கெடிலத்தில் எடுத்ததில்லை, ஏரியில் எடுத்ததில்லை,
சோப்புக்கட்டி போலத் தாள் சுற்றிக் கூரியரில் வரும்.
காற்றில் காயாது, வெயிலில் இளகும்.
மே மாதம் விரலில் அப்பிக்கொண்டு உயிரை வாங்கும்.
ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில்
கால் மணி நேரம் உட்கார்த்தி வைத்தால்
சொன்னபடி கேட்கும்.

எங்கள் முறுக்கு அச்சு இதற்கென்றே போய்விட்டது.
இனி மாவு படக்கூடாது என்று
சித்ரலேகா அதன் நெற்றியில்
நெயில்பாலிஷால் பொட்டு வைத்தாள்.
தீபாவளிக்கு வேறொன்று வாங்கினோம்,
அது இன்னும் ஒழுங்காகப் பிழியவில்லை.
அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பிசைந்தால்
முதலில் கோடு,
பிறகு மேகம்,
பிறகு ஒரே நிறம்.
மேகத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.
பாதி நாள் எனக்குத் தெரிவதில்லை.

எதிர்வீட்டு அஞ்சலாட்சி வந்து நின்றாள்,
இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.
எஞ்சின் ரிப்பேருக்காக
பங்குனியில் அடகுக் கடைக்குப் போன தோடு,
நடுவில் தடைக்காலம் வேறு,
ஆடி பிறந்தும் வீடு திரும்பவில்லை.
"காது தூந்துடும்ணே.
எதையாவது செஞ்சு குடு.
கனம் வேணாம். கலரு உன் இஷ்டம்."

கலர் என் இஷ்டமில்லை.
பல் செய்கிறவனுக்கு
முகத்தைப் பார்த்ததும் நிறம் தோன்றிவிடும்.
அவள் கன்னத்தின் கருப்புக்கு
சங்கரா மீன் செதில்.

பட்டாணி அளவு உருட்டி,
தட்டி,
பல் கிளறும் ஊசியால் ஓரத்தைக் கீறி,
பின்னால் ஸ்டீல் தண்டைச் செருகினேன்.
நூற்று முப்பது டிகிரி, இருபது நிமிடம்.
மீறினால் கருகும்,
கருகினால் சிப்காட் காற்று
வீட்டுக்குள் விருந்துக்கு வந்த மாதிரி.
முதல் ஜோடியில் ஒன்று தேன்நிறமாகிவிட்டது,
கரண்ட் போய் வந்ததில்
அவனுக்குக் கணக்குத் தப்பியது.
இரண்டாம் ஜோடி தேறியது.

போன் கேமராவில் இப்படியும் அப்படியும் பார்த்தாள்.
கழற்றித் திருப்பினாள்.
"பின்னால என்னாண்ணே கோடு கோடா?"
என் கட்டைவிரல்.
உப்புத்தாள் போட மறந்த இடம்.
தேய்த்துத் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
"அடவுச் சீட்டுல நானும் இப்டித்தான் வெச்சேன்.
கையெழுத்துப் போடத் தெரியும்ணே,
அன்னிக்கி வரல."

சித்ரலேகா டீ கொண்டுவந்தாள்.
மேஜையில் கிடந்த மிச்சத்தை
அஞ்சலாட்சி தானே உருட்டினாள்,
தானே அழுத்தினாள்.
மீன் அரிந்த தழும்பொன்று
குறுக்கே ஓடும் ரேகை.
"இதையும் வேக வையி."
எதற்கென்று கேட்டேன்.
"சும்மாத்தான்."
மேலே ஒரு துளை மட்டும் போட்டேன்.

தோடு கார்த்திகையில் மீண்டது.
போட்டுக்கொண்டு வந்து காட்டினாள்,
கனக்குது என்றாள், குறையாக இல்லை.
தையில் மறுபடி போனது.
இந்த முறை வேப்பங்குச்சி இல்லை,
ஆறு நிறத்தில் மாற்றி மாற்றிப் போடுகிறாள்,
நாலுக்குத்தான் இதுவரை காசு வந்திருக்கிறது.

கலியமூர்த்தியின் பைக் சாவியில்
அவள் கட்டைவிரல் தொங்குகிறது.
ஐஸ் தண்ணீர் சொட்டும் மீன் கூடைக்கும்
பெட்ரோல் டேங்குக்கும் நடுவே
ஆடிக்கொண்டு
விடியுமுன் துறைமுகத்துக்குப் போகிறது.