பதினேழாம் எண் மேசை

பாலக்கோடு தாலுகா ஆபீஸில்
பழைய சாமான் ஏலம் என்று
மண்டியில் யாரோ சொன்னார்கள்.
தக்காளி பெட்டி நாற்பதுக்கு விழுந்த நாள்.
ஆயிரத்து இருநூற்றைம்பது கொடுத்து எடுத்தேன்.
யாரும் திட்டவில்லை.
திட்ட வேண்டியவர் போய் ஆறு வருஷம்.

கதவில்லாத பீரோவுக்கும்
கால் மடங்கிய நாற்காலிகளுக்கும் நடுவே
அது நின்றிருந்தது.
பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில்: 17.
எனக்கு அதைத் தெரியும்.

வாரிசுச் சான்றுக்காக
ஒன்பது தடவை அதன் முன் நின்றிருக்கிறேன்.
மூன்றாம் தடவை
மாதையன் மாதய்யன் ஆகியிருந்தார்.
ஏழாம் தடவை
சார் கேம்ப் போயிருந்தார்.
மற்றபடி, "நாளைக்கு வாம்மா."

தக்காளி டெம்போவில் ஏற்றி
மாரண்டஅள்ளி கொண்டுவந்தோம்.
"பொணத்தைவிடக் கனம்க்கா" என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான் முனிரத்தினம்.
நான் சிரித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

வாசலில் நுழையவில்லை.
பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர்
"லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று கத்த
கதவைக் கழற்றி, குறுக்கே சாய்த்து,
நிலைப்படியில் ஒரு முட்டு முட்டிவிட்டு
உள்ளே வந்தது.
அன்றிலிருந்து வீட்டுக்குள்
ஒருக்களித்துத்தான் நடக்கிறோம்.

சோப்புத் தண்ணீரில் துடைக்கும்போது பார்த்தேன்.
டிராயர் இருக்கிற பக்கம்
வார்னிஷ் அப்படியே இருந்தது.
டீ கிளாஸ் வட்டங்கள் ஏழெட்டு,
முழங்கை ஊன்றிய மங்கல் ஒன்று.
எதிர்ப் பக்கம்
விளிம்பு மொத்தமும் தேய்ந்து
சின்னாற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழத்தது.
நின்றவர்கள் பிடித்துக்கொண்ட இடம்.
விரல் வைத்தேன். ஒரு பள்ளம் பொருந்தியது.
என்னுடையதாக இருக்காது,
ஒன்பது தடவையில் மரம் தேயாது.

முதல் ராத்திரி மண்டிக் கணக்கை விரித்து
சார் பக்கம் உட்கார்ந்தேன்.
மூன்று முறை கூட்டி மூன்று தொகை வந்தது.
எதிரே யாரோ நிற்கிறார்கள்,
உட்காரச் சொல்லலாம் என்றால்
வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி.

மறுநாள் ஸ்டூலை
இந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன்.
முன்பலகையில் முட்டி இடிக்கிறது.
"டிராயர் அந்தப் பக்கம்தானே இருக்கு?" என்றாள் ரூபிகா.
அந்தப் பக்கம் உனக்கு என்றேன்.

காம்பஸ், ஸ்டிக்கர், பாதி கடித்த கொய்யா
எல்லாம் சர்க்கார் டிராயருக்குள் போயின.
மேலே தோசைத் தட்டு,
தட்டு எடுத்ததும் யூனிஃபார்ம் இஸ்திரி,
அதன்பின் அல்ஜீப்ரா, அதன்பின் என் கணக்கு.
ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தால்
இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
"ஒரிஜினல் எங்கம்மா? ஜெராக்ஸ் செல்லாது" என்கிறாள்.
யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
ஒன்பதில் நாலு தடவை
அவளும் என் கையைப் பிடித்து நின்றவள்.
அப்போது மேசை அவள் நெற்றி உயரம்.

போன வாரம் கீழ் டிராயர் சிக்கியது.
முழுக்க உருவினாள்.
பின்னால் விழுந்து கிடந்தது
துருப்பிடித்த குண்டூசியோடு
பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று.
கழுத்துப் பட்டன் வரை போட்டவர்,
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.
பின்னால் பேர் இல்லை.

ஆபீஸுக்குக் கொண்டுபோனேன்.
அங்கே இப்போது கம்ப்யூட்டர்,
சன்மைக்கா ஒட்டிய மேசை.
அந்தப் பெண் நல்ல மாதிரி,
உட்காரச் சொன்னாள்.
"பேர் இல்லாம எதுல தேடறதுங்க?"
நியாயம்தான்.

பெட்டி இறக்க வருகிறவர்களிடம் காட்டுகிறேன்.
"பிக்கிலிப் பக்கம் பார்த்த மாதிரி இருக்குது" என்றார் ஒருவர்.
இன்னொருவர் இல்லவே இல்லை என்றார்.

ராத்திரியில் அவரை
பென்சில் டப்பாவில் சாய்த்து வைக்கிறோம்,
டிராயர் பக்கம்.
ரூபிகா கொஞ்சம் தள்ளி உட்கார்கிறாள்.
என்ன மனு கொடுத்தாரோ,
எத்தனை தடவை வந்தாரோ.
ஸ்டுடியோவில் ஸ்டூல் போட்டிருப்பார்கள்.
இந்தப் படத்திலாவது
அவர் உட்கார்ந்திருக்கிறார்.