பத்தாவது நாம்

கூடைப்பந்து வளையங்களைக் கூரையோடு மடக்கிவிட்டு
மேசைகள் போட்டிருக்கிறார்கள்.
ரப்பர் வாசனை. வெளியே, மே மாதத்திலும்,
வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு குவியல் அழுக்குப் பனி.
கொரின் டேகிளுக்கு நாற்பது நிமிடம்,
இரண்டு பேனா, ஓர் உரை.

பேசியவர் ஹார்லன் ஸ்ட்ரவுட், அணைக்கட்டு ஆணையர், 1931.
கேட்டவர்கள், தண்ணீருக்கடியில் போகவிருந்த மூன்று ஊர்க்காரர்கள்.
கேள்வி: தம் வாதத்தை வலுப்படுத்த அவர் கையாளும்
சொல்லாட்சி உத்திகளை ஆராய்க.

குளிர்காலம் முழுக்கப் பழகிய கை.
உவமைக்கு வட்டம்.
விடை வேண்டாத வினாவுக்கு ஒரு கொக்கி:
‘நம் பிள்ளைகள் இருட்டில் படிக்கட்டும் என்றா விரும்புகிறோம்?’
யாரும் ஆமென்று சொல்ல முடியாத கேள்வி.
கேள்வியே இல்லை, கதவு சாத்தும் சத்தம்.
‘விட்டுக்கொடுப்போம் வயலை, விட்டுக்கொடுப்போம் வீட்டை,
விட்டுக்கொடுப்போம் முன்னோர் உறங்கும் மண்ணை.’
ஓரத்தில் மூன்று கோடு.
முன்னோரைக் கடைசிக்கு வைத்திருக்கிறான், கெட்டிக்காரன்,
என்று எழுதி அடிக்கிறாள்.
கெட்டிக்காரனுக்கு மதிப்பெண் கிடையாது.

பதினோராம் நிமிடத்தில் ‘நாம்’களை எண்ணுகிறாள்.
பதினான்கு.
ஒன்பதுவரை கூடத்தில் இருந்த எல்லோரும் உள்ளே:
நனைந்த தொப்பிகள், மடிக் குழந்தைகள், ஆணையர்.
பத்தாவது:
‘ஆகவே, முடிவு செய்துள்ளோம்.’

அவள் மொழியில் அதற்கு ஒரே சொல்தான்.
என் மொழியில் அந்த இடத்தில் அவர் திணறியிருப்பார்.
நாம் என்றால் பொய்.
நாங்கள் என்றால் கூடம் எழுந்துவிடும்.
(எழுவாயை விழுங்கிவிட்டுத் தப்பியிருக்கலாம்.
எங்கள் ஆட்கள் அப்படித்தான் தப்புகிறார்கள்.
மேலே நானும் அப்படித்தான் மொழிபெயர்த்தேன்.)

பேனா நிற்கிறது.
காகித ஆலை உணவுக்கூடம், போன அக்டோபர்.
குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். டோனட் இருந்தது.
அட்லாண்டாவிலிருந்து வந்தவர் கோட்டைக் கழற்றி,
சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்:
நாம் ஒரு குடும்பம். நாம் இதைவிடக் கடுங்குளிரைப் பார்த்தவர்கள்.
அப்புறம், இடையில் மூச்சுகூட விடாமல்,
மூன்றாம் எந்திரத்தை நிறுத்த முடிவு செய்துள்ளோம்.
அப்பா கைதட்டினார்.
காதடைப்பான் கழுத்தில் தொங்க, எல்லோரோடும் சேர்ந்து.
தட்டும்படியாகத்தான் அந்த வாக்கியம் முடிந்தது.
இரவு, சூப்பைக் கிண்டியபடி சொன்னார்:
‘நல்லாத்தான் பேசினான் அந்த ஆளு.’

இதை எழுதக் கூடாது.
சொந்தக் கதைக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை,
திருமதி பெலாஞ்சே நான்கு முறை சொல்லியிருக்கிறார்.
‘பேச்சாளர் தன்மைப் பன்மையைப் பயன்படுத்தி
கேட்போரிடம் நெருக்கத்தை ஏற்படுத்துகிறார்.’
சரியான வாக்கியம். எந்த ஆண்டும் விலை போகும்.
அடிக்கிறாள். தாள் லேசாகக் கிழிகிறது,
எந்த ஊர் ஆலையின் தாளோ.

அதற்குக் கீழே:
‘அவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது
ஆணையர் வேலியை நகர்த்துகிறார்.
ஒன்பதாவது நாமில் உள்ளே இருந்தவர்கள்
பத்தாவதில் வெளியே நிற்கிறார்கள்.
அவர்களுக்கு இன்னும் தெரியாது, உள்ளங்கை சிவந்திருக்கிறது.’
உரையில் எங்கும் கைதட்டல் குறிக்கப்படவில்லை.
தெரியும். அப்படியே விட்டுவிடுகிறாள்.

உவமைகள் இரண்டும் வட்டத்துக்குள்ளேயே கிடக்கின்றன.
முடிவுரை இல்லை.
மேற்பார்வையாளர் லஷான்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எழுகிறார்.
‘இப்போது நாம் பேனாவைக் கீழே வைக்கிறோம்.’
முப்பத்தொரு பேனாக்கள் மேசையைத் தொடுகின்றன.
அவருடையது காதிடுக்கிலேயே இருக்கிறது.

பதினைந்து, என்று எண்ணிக்கொள்கிறாள்.